செசார் மில்ஸ்டைனின் ஆய்வு வெளியீடுகளும் மேற்கோள் தாக்கமும்

செசார் மில்ஸ்டைன் (8 அக்டோபர் 1927 – 24 மார்ச் 2002) அர்ஜென்டினாவில் பிறந்து, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர். மூலக்கூறு உயிரியலின் முறைகளை நோயெதிர்ப்பியலுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். மோனோகுளோனல் எதிர்ப்பொருள்களை உருவாக்கும் முறையைக் கண்டறிந்ததற்காக ஜார்ஜ் கோலருக்கும் அவருக்கும் 1984 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. நோயெதிர்ப்பு மண்டலம் பற்றிய கோட்பாடுகளுக்காக நீல்ஸ் ஜெர்னேயும் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பின்னர் வரும் கட்டுரைகள் எத்தனை முறை சான்றாகக் காட்டுகின்றன என்பது மேற்கோள் எண்ணிக்கை எனப்படுகிறது. இன்று பணி நியமனம், பதவி உயர்வு, ஆய்வு நிதி ஆகியவற்றில் இந்த எண்ணுக்குப் பெரும் இடம் உண்டு. மில்ஸ்டைனின் வெளியீடுகள் இந்த அளவுகோலைச் சோதித்துப் பார்க்க ஏற்றவை. கோலருடன் அவர் 1975-ல் எழுதிய கட்டுரை 10,000 முறைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. ஆயினும் அவரது பணி எவ்வளவு பயன்படுத்தப்பட்டது, எதற்காகச் செய்யப்பட்டது என்ற இரண்டையும் அந்த எண் பாதியே சொல்கிறது.

ஆய்வின் தொடக்கம்

மில்ஸ்டைனின் தொடக்கக் கால ஆய்வுகள் நொதிகளைப் பற்றியவை. புவெனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பின் கேம்பிரிட்ஜ் சென்று, அங்கு 1960-ல் இரண்டாவது முனைவர் பட்டம் பெற்றார். 1961-ல் தாய்நாடு திரும்பி மால்பிரான் நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவை அமைத்தார். 1962 ராணுவப் புரட்சிக்குப் பின் அந்த நிறுவனத்தின் இயக்குநரும் ஆய்வாளர்களும் நெருக்குதலுக்கு உள்ளாயினர். மில்ஸ்டைன் பதவி விலகி, 1963-ல் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்றார். மருத்துவ ஆய்வுக் கழகத்தின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பிரெடரிக் சாங்கரின் பிரிவில் சேர்ந்தார். நொதிகளை விட்டு எதிர்ப்பொருள்களை ஆராயும்படி தூண்டியவர் சாங்கர்.

எதிர்ப்பொருள்கள், உடலுக்குள் நுழையும் அயல் பொருள்களைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள். உடல் இதுவரை கண்டிராத பொருளுக்குக்கூடப் பொருத்தமான எதிர்ப்பொருளை உருவாக்க முடிகிறது. வரம்புக்குட்பட்ட மரபணுக்களைக் கொண்டு இத்தனை வகைகள் எவ்வாறு உருவாகின்றன என்பது 1960-களில் விடை தெரியாத கேள்வி. பிறக்கும்போதே எல்லா வகைகளுக்கும் தனித்தனி மரபணுக்கள் உள்ளனவா, அல்லது செல்கள் பெருகும்போது மரபணுக்களில் சடுதிமாற்றங்கள் நிகழ்ந்து புது வகைகள் தோன்றுகின்றனவா என்று இரு தரப்பினர் வாதிட்டனர். மில்ஸ்டைன் எதிர்ப்பொருள் சங்கிலிகளின் கந்தகப் பிணைப்புகளையும் அமினோ அமில வரிசைகளையும் படித்து இந்த விவாதத்துக்குள் நுழைந்தார். அதன் பின் வந்த அவரது முக்கியமான கட்டுரைகள் பலவும் இந்த ஒரே கேள்வியிலிருந்து கிளைத்தவை.

1975 கட்டுரை

1973-ல் ரிச்சர்ட் காட்டனும் மில்ஸ்டைனும் எதிர்ப்பொருள் சுரக்கும் இரண்டு புற்றுச் செல்களை, ஒன்று எலியிலிருந்தும் மற்றொன்று சுண்டெலியிலிருந்தும் எடுத்து, ஒன்றாக இணைத்தனர். கலப்புச் செல் இரண்டு பெற்றோரின் எதிர்ப்பொருள்களையும் சுரந்தது. அதே ஆண்டில் ஜெரால்ட் ஷ்வாபரும் எட்வர்ட் கோகனும் மனிதச் செல்லையும் சுண்டெலிச் செல்லையும் இணைத்து இதை ஒத்த முடிவை வெளியிட்டனர். ஆகவே செல்களை இணைப்பது 1975-ல் புதிய செயல் அன்று.

மில்ஸ்டைனின் ஆய்வகத்தில் அப்போது இருந்த சிக்கல் வேறு. சடுதிமாற்றத்தை ஆராய, எந்தப் பொருளைப் பற்றும் என்று முன்பே தெரிந்த எதிர்ப்பொருளைத் தொடர்ந்து சுரக்கும் செல் வழி தேவைப்பட்டது. கைவசம் இருந்த மையலோமா புற்றுச் செல்கள் முடிவின்றிப் பெருகின. ஆனால் அவை சுரந்த எதிர்ப்பொருள் எதைப் பற்றும் என்பது தெரியவில்லை. மண்ணீரலின் பி செல்கள் விரும்பிய எதிர்ப்பொருளைச் சுரந்தன. ஆனால் ஆய்வகத்தில் நெடுநாள் உயிர்வாழவில்லை. கோலரும் மில்ஸ்டைனும் செம்மறியாட்டு இரத்தச் சிவப்பணுக்களைச் சுண்டெலிக்குச் செலுத்தி, அதன் மண்ணீரல் செல்களை மையலோமா செல்களுடன் இணைத்தனர். பின்பு அவற்றை ஒரு தேர்வு ஊடகத்தில் வளர்த்தனர். அந்த ஊடகத்தில் தனித்த மையலோமா செல்கள் இறந்தன. தனித்த மண்ணீரல் செல்கள் தாமாகவே நலிந்தன. இரண்டும் சேர்ந்த கலப்புச் செல்கள் மட்டும் நிலைத்தன. பிற்காலத்தில் ஹைப்ரிடோமா என்று பெயர் பெற்றவை இவையே.

எந்தச் செல் சரியான எதிர்ப்பொருளைச் சுரக்கிறது என்பதைக் காட்டிய சோதனை ஜெர்னே 1963-ல் வெளியிட்ட முறையிலிருந்து வந்தது. எதிர்ப்பொருள் சுரக்கும் செல்லைச் சுற்றியுள்ள சிவப்பணுக்கள் சிதைந்து, வெறும் கண்ணாலேயே காணக்கூடிய தெளிந்த வட்டம் உருவாகும். 1984-ல் பரிசைப் பகிர்ந்த மூவரின் பணிகளும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

இந்த ஆய்வு 7 ஆகஸ்ட் 1975 தேதியிட்ட நேச்சர் இதழின் கடிதங்கள் பகுதியில் மூன்று பக்கங்களில் வெளியானது. இத்தகைய செல் வளர்ப்புகள் மருத்துவத்துக்கும் தொழில்துறைக்கும் பயன்படக்கூடும் என்ற குறிப்பு இறுதியில் மிக அடக்கமாக இடம்பெற்றது. காப்புரிமை பற்றி முடிவு செய்யவேண்டிய பிரிட்டிஷ் அரசு அமைப்பு, உடனடியான நடைமுறைப் பயன் எதுவும் தெரியவில்லை என்று 1976-ல் கருதியது, காப்புரிமை கோரப்படவில்லை. தொடக்க ஆண்டுகளில் பிற ஆய்வகங்களும் இம்முறையை மெதுவாகவே ஏற்றன. வெளியானவுடன் மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால், இக்கட்டுரையின் எதிர்காலத்தை எவராலும் ஊகித்திருக்க முடியாது.

எண்ணிக்கை சரியாகச் சொல்வது

மேற்கோள் எண்ணிக்கை பொய் சொல்கிறது என்பது இதன் பொருள் அன்று. ஒரு முறை எவ்வளவு பரவலாகக் கையாளப்படுகிறது என்பதை அது ஓரளவு நம்பகமாகக் காட்டும். கோலர்–மில்ஸ்டைன் கட்டுரையை நோயெதிர்ப்பியலாளர்கள் மட்டுமன்றி, நரம்பியல், தாவரவியல், கால்நடை மருத்துவம், புற்றுநோயியல் துறையினரும் மேற்கோள் காட்டினர். துறை எல்லைகளைக் கடந்த அந்தப் பரவலை எண்ணிக்கை உண்மையாகவே பதிவு செய்திருக்கிறது.

ஆனால் அதிக மேற்கோள் பெறுபவை பெரும்பாலும் செய்முறைக் கட்டுரைகளே என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மேற்கோளில் முன்னணியில் உள்ள 100 கட்டுரைகளின் பட்டியலை நேச்சர் இதழ் 2014-ல் வெளியிட்டது. முதலிடம், புரதத்தின் அளவை அறியும் முறை பற்றி ஆலிவர் லோரியும் சக ஆய்வாளர்களும் 1951-ல் எழுதிய கட்டுரைக்கு. அது 3,00,000 முறைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. இரண்டாம் இடம், புரதங்களைப் பிரித்தறியும் முறை பற்றி உல்ரிச் லெம்லி 1970-ல் எழுதிய கட்டுரைக்கு. அது மில்ஸ்டைன் பணியாற்றிய அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்திலிருந்து வந்தது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை அறிவித்த வாட்சன்–கிரிக் கட்டுரை அந்த நூறில் இல்லை. கருவியைத் தந்த கட்டுரைக்கும் கருத்தை மாற்றிய கட்டுரைக்கும் இந்த எண் ஒரே தராசைப் பயன்படுத்துகிறது. தராசின் தட்டு கருவியின் பக்கமே சாய்ந்திருக்கிறது.

எண்ணிக்கையிலிருந்து நழுவியவை

ஒரு கண்டுபிடிப்பு பொது அறிவாகிவிட்டால், அதை யார் கண்டறிந்தார் என்று எழுதுவதை மற்றவர்கள் நிறுத்திவிடுவார்கள். சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன் இதை, உட்கலந்து மறைதல் என்ற பொருளில் விளக்கினார். மோனோகுளோனல் எதிர்ப்பொருளுக்கு இதுவே நேர்ந்தது. கர்ப்பப் பரிசோதனைப் பட்டை முதல் இரத்தப் புற்றுநோயை வகைப்படுத்தும் சோதனை வரை எங்கும் அது இருக்கிறது. அவற்றைப் பற்றிய இன்றைய கட்டுரைகளில் 1975 கட்டுரையின் பெயர் இருப்பது அரிது. சிறுநீரக மாற்றுச் சிகிச்சையில் உறுப்பு நிராகரிப்பைத் தடுக்க 1986-ல் அமெரிக்காவில் முதல் மோனோகுளோனல் எதிர்ப்பொருள் மருந்து அனுமதி பெற்றது. நிணநீர்ப் புற்றுநோய்க்கான ரிடக்சிமாப் 1997-ல் வந்தது. இவற்றைப் பயன்படுத்தும் மருத்துவ ஆய்வுகள் மருந்தின் பரிசோதனைக் கட்டுரையையே மேற்கோள் காட்டும்.

மேற்கோள் இடம்பெயர்வதும் உண்டு. 1975-ல் பயன்படுத்திய மையலோமா செல் தானும் ஒரு எதிர்ப்பொருளைச் சுரந்ததால், கலப்புச் செல்லில் தேவையற்ற கலவை உருவானது. தாமாகச் சுரக்காத மேம்பட்ட செல் வழிகளை மார்க் ஷுல்மன், கோலர் முதலியோர் 1978-லும், ஜான் கியர்னி குழுவினர் 1979-லும் வெளியிட்டனர். ஹைப்ரிடோமா செய்பவர்கள் அதன் பின் இக்கட்டுரைகளையும் செய்முறைக் கையேடுகளையும் மேற்கோள் காட்டத் தொடங்கினர். மூல முறையின் பயன்பாடு கூடிக்கொண்டே போக, அதற்கான மேற்கோள் பல கிளைகளாகப் பிரிந்தது.

1972-ல் வெளியான மற்றொரு கட்டுரையின் கதை வேறு. ஜார்ஜ் பிரவுன்லீ, டிமதி ஹாரிசன், மைக்கேல் மேத்யூஸ் ஆகியோருடன் மில்ஸ்டைன் எழுதியது அது. எதிர்ப்பொருளின் இலகு சங்கிலி முதலில் சற்று நீளமான வடிவில் உருவாகிறது என்றும், அதன் தொடக்கத்தில் உள்ள கூடுதல் பகுதி புரதத்தைச் செல்லுக்கு வெளியே அனுப்புவதற்கான அடையாளமாக இருக்கலாம் என்றும் அவர்கள் காட்டினர். புரதங்கள் தம் முகவரியைத் தாமே சுமந்து செல்கின்றன என்ற கருத்துக்குக் கிடைத்த முதல் சோதனைச் சான்றுகளில் இதுவும் ஒன்று. அக்கருத்தை முன்வைத்து விரிவாக நிறுவிய குந்தர் புளோபலுக்கு 1999-ல் நோபல் பரிசு கிடைத்தது. அது தகுதியான பரிசே. ஆனால் மில்ஸ்டைனின் பெயரை ஹைப்ரிடோமாவுடன் மட்டும் இணைத்துப் படிக்கும் மாணவர், செல் உயிரியலின் அடிப்படைக் கருத்தொன்றில் அவருக்கும் பங்கு உண்டு என்பதை அறியாமலே போகிறார். 1975 கட்டுரையின் பெரிய எண் 1972 கட்டுரையின் மேல் நிழலாக விழுந்திருக்கிறது.

கேள்விக்குத் திரும்பிய ஆய்வுகள்

1970-களின் பிற்பகுதியில் மில்ஸ்டைன் பிற துறையினருடன் சேர்ந்து இம்முறையின் பயனை நிறுவினார். ஆலன் வில்லியம்ஸுடன் எலியின் டி செல்களைப் பிரித்தறியும் எதிர்ப்பொருள்களும், டிமதி ஸ்பிரிங்கருடன் மேக்ரோஃபேஜ் செல்களை அடையாளம் காட்டும் எம்1/70 என்ற எதிர்ப்பொருளும், வால்டர் பாட்மர் முதலியோருடன் மனிதத் திசுப் பொருத்தப் புரதங்களைப் பற்றும் டபிள்யூ6/32 என்ற எதிர்ப்பொருளும் உருவாயின. வெள்ளணுக்களின் மேற்பரப்பு மூலக்கூறுகளுக்குச் சி.டி. எண்களை இடும் முறை 1982 பாரிஸ் மாநாட்டில் தொடங்கியது. அந்த எண்கள் இன்று 370-ஐக் கடந்துள்ளன. பட்டியல் முழுவதும் மோனோகுளோனல் எதிர்ப்பொருள்களின் மேல் எழுப்பப்பட்டது.

கருவியின் வெற்றியோடு அவர் நின்றுவிடவில்லை. 1980-களில் கிளாடியா பெரெக் முதலிய சக ஆய்வாளர்களுடன், எதிர்ப்பொருள்கள் காலப்போக்கில் எவ்வாறு கூர்மை பெறுகின்றன என்ற பழைய கேள்விக்குத் திரும்பினார். ஆக்சசோலோன் என்ற எளிய வேதிப்பொருளைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, 7-ஆம் நாளிலும் 14-ஆம் நாளிலும் ஹைப்ரிடோமாக்களை உருவாக்கி, அவற்றின் வரிசைகளை ஒப்பிட்டனர். முதல் வாரத்து எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் பிறவி மரபணு வரிசையிலேயே இருந்தன. இரண்டாம் வாரத்தில் சடுதிமாற்றங்கள் சேர்ந்திருந்தன. இலக்கைப் பற்றும் வலிமையும் கூடியிருந்தது. 1984-ல் நேச்சரில் வெளியான இந்த முடிவு, நோயெதிர்ப்பு மண்டலத்துக்குள் சில நாள்களிலேயே மாறுபாடும் தேர்வும் நடப்பதை மூலக்கூறு அளவில் காட்டியது. ஹைப்ரிடோமா எதற்காக உருவாக்கப்பட்டதோ, அந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி இதுதான். இதன் மேற்கோள்கள் 1975 கட்டுரையின் அருகில் வரக்கூடியவை அல்ல. அறிவியல் வாதத்தின் முழுமையில் இது அதற்குக் குறைந்ததும் அல்ல.

அவர் மறைந்த சில மாதங்களில், அதே ஆய்வகத்தின் மைக்கேல் நியூபர்கர் குழுவினர் இந்தச் சடுதிமாற்றங்களின் வேதியியல் காரணத்தைச் சுட்டும் சான்றை வெளியிட்டனர். ஜப்பானில் தசுகு ஹோன்ஜோ குழுவினர் கண்டறிந்த நொதி, டி.என்.ஏ.வின் சைட்டோசின் காரத்தை நேரடியாக மாற்றுகிறது என்பது அதன் சாரம். மில்ஸ்டைன் எழுப்பிய கேள்வி அவருக்குப் பின்னும் அதே கட்டடத்தில் உயிருடன் இருந்தது. ஆய்வுப் பரம்பரை இவ்வாறு தொடர்வதைப் பதிவு செய்யும் பத்தி எந்த மேற்கோள் அட்டவணையிலும் இல்லை.

ஜெர்னேயின் வலைக் கோட்பாட்டுடன் ஒப்பீடு

நோயெதிர்ப்பு மண்டலம் ஒன்றையொன்று அடையாளம் காணும் எதிர்ப்பொருள்களின் வலை என்று ஜெர்னே 1974-ல் எழுதினார். மில்ஸ்டைன் கட்டுரைக்கு ஓராண்டு முந்தைய இந்தக் கட்டுரை உடனடியாகப் பெரும் வரவேற்புப் பெற்றது. அதைச் சோதிக்கும் ஆய்வுகள் அடுத்த பத்தாண்டில் பெருகின. மோனோகுளோனல் முறையோ தொடக்கத்தில் மெதுவாகவே பரவியது. 1980-களின் பிற்பகுதியில் நிலைமை தலைகீழானது. வலைக் கோட்பாட்டின் விளக்கும் திறன் குறைவு என்று பெரும்பாலான நோயெதிர்ப்பியலாளர்கள் கருதி விலகினர். கணினி அறிவியலில் செயற்கை நோயெதிர்ப்பு முறைகளை வடிவமைத்தவர்கள் அதைத் தம் துறைக்கு எடுத்துச் சென்று மேற்கோள் காட்டினர்.

இரண்டு கட்டுரைகளும் ஏராளமான மேற்கோள் பெற்றவை. ஒன்று மறுக்கப்படுவதற்காகவும், வேறு துறைக்கு மாறியதாலும் மேற்கோள் காட்டப்பட்டது, மற்றொன்று கையாளப்படுவதற்காக. கூட்டுத்தொகையில் இந்த வேறுபாடு தெரியாது. மேற்கோள் இடம்பெறும் வாக்கியத்தைப் படித்தால்தான் தெரியும்.

மறைந்த மேற்கோளின் விலை

மேற்கோள் மறைவதைப் பெருமைக் குறைவு என்று மட்டும் கருதமுடியாது. மேற்கோள் ஒரு வழித்தடமும் ஆகும். எந்தப் பொருளைக் கொண்டு சோதனை செய்யப்பட்டது என்பதைப் பின்னால் வருபவர் அறிய உதவுவது. மில்ஸ்டைனின் ஆய்வகம் கேட்டவர்களுக்கெல்லாம் செல்களை அனுப்பிவைத்தது. அவற்றைக் கொண்டு காப்புரிமை கோரவேண்டாம் என்பது அவருடைய வேண்டுகோள். எனினும் அவர் அனுப்பிய செல்களைப் பெற்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1979-லும் 1980-லும் புற்றுக்கட்டிகளுக்கும் வைரஸ்களுக்கும் எதிரான மோனோகுளோனல்களுக்குக் காப்புரிமை பெற்றனர். எதிர்ப்பொருள்கள் விரைவில் விற்பனைப் பட்டியலில் ஏறின. கட்டுரைகளில் மூல ஆய்வுக்குப் பதிலாக நிறுவனத்தின் பெயர் வரலாயிற்று. எந்தச் செல் வழியிலிருந்து வந்தது என்ற விவரம் பல இடங்களில் விடுபட்டது.

இதன் விளைவு 2013-ல் பியர்ஜே இதழில் வெளியான ஓர் ஆய்வில் தெரிந்தது. கட்டுரைகளில் குறிப்பிடப்பட்ட எதிர்ப்பொருள்கள், செல் வழிகள் முதலிய ஆய்வுப் பொருள்களில் 54 விழுக்காட்டை உறுதியாக அடையாளம் காண இயலவில்லை. ஆண்ட்ரூ பிராட்பரி, ஆண்ட்ரியாஸ் புளூக்துன் ஆகியோர் நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களின் ஆதரவுடன் 2015-ல் நேச்சரில் எழுதியபோது, ஆய்வில் பயன்படும் எதிர்ப்பொருள்களை அவற்றின் மரபணு வரிசையைக் கொண்டு வரையறுக்கவேண்டும் என்று கோரினர். ஆய்வுப் பொருள்களுக்குத் தனி அடையாள எண் தரும் முறையும் இதே காலத்தில் நடைமுறைக்கு வந்தது. ஒரே எதிர்ப்பொருளை மீண்டும் மீண்டும், எங்கும், யாரும் பெறலாம் என்பதே மோனோகுளோனல் முறையின் அடிப்படை வாக்குறுதி. வழித்தடம் அழிந்தால் அந்த வாக்குறுதியும் அழியும்.

மதிப்பீடு

மில்ஸ்டைனின் வெளியீடுகளை மேற்கோள் வரிசையில் அடுக்கினால், ஒரு கருவியைக் கண்டுபிடித்தவரின் பட்டியல் கிடைக்கும். கால வரிசையில் அடுக்கிப் படித்தால், எதிர்ப்பொருள்களின் பன்மை எவ்வாறு தோன்றுகிறது என்ற ஒரு கேள்வியை நாற்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தவர் தெரிவார். கருவி அந்தப் பயணத்தின் நடுவில் செய்யப்பட்டது. இரண்டாவது வாசிப்பே உண்மைக்கு அருகில் நிற்கிறது. ஓர் அறிவியலாளரின் தரத்தை இதழ்களின் எண் மதிப்பைக் கொண்டு அளக்காமல் ஆய்வின் உள்ளடக்கத்தைக் கொண்டு அளக்கவேண்டும் என்று 2012 சான் பிரான்சிஸ்கோ அறிக்கை வலியுறுத்தியதற்கு, இத்தகைய வரலாறுகள் வலுச் சேர்க்கின்றன.

இத்துறைகளில் புதிதாக நுழையும் மாணவருக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. 1975 கட்டுரை மூன்றே பக்கங்கள் கொண்டது. அதை 1973, 1984 கட்டுரைகளுக்கு இடையில் வைத்துப் படிப்பதற்கு ஒரு நாள் போதும். ஆய்வில் எதிர்ப்பொருளைப் பயன்படுத்தும்போது அதன் செல் வழியின் பெயரையும் அடையாள எண்ணையும் எழுதிவைக்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், அடுத்து வருபவரால் அதே சோதனையைத் திரும்பச் செய்ய இயலாது.